ஈக்களுக்குச் சண்டை மூட்டுகிறவர்

வாயில் ரப்பர் குழாயைக் கவ்விக்கொண்டுதான் பேசுவார். குழாயின் மறுமுனையில் ஒரு கண்ணாடிக் குழல். ஈ தொண்டைக்குள் போய்விடாமலிருக்க நடுவில் ஒரு துண்டு வலைத்துணி. புட்டியின் பஞ்சை ஒதுக்கிக் குழலை உள்ளே விடுவார். லேசாக ஓர் உறிஞ்சு, ஈ குழலுக்குள் வந்துவிடும். பக்கத்திலிருக்கிற வட்டக் கிண்ணத்தின் ஓட்டையில் வைத்து ஓர் ஊது, ஈ கிண்ணத்துக்குள் போய்விடும். உறிஞ்சுக்கும் ஊதுக்கும் நடுவில், "அந்த வாழைப்பழத்தை மூடி வை, இதுங்க மோப்பம் பிடிச்சுடும்" என்று எனக்கு ஓர் உத்தரவும் வரும்.

மற்ற ஆய்வுக்கூடங்களில் ஈயை மயக்க வாயு கொடுத்துப் படுக்கவைத்துத்தான் கையாளுவார்களாம். இவர் சண்டைக்கு விடுகிற ஈக்கு வாயு கொடுக்கவே மாட்டார். "வாயு பட்டா எழுந்திருக்கும், நடக்கும், திங்கும். ஆனா பழைய ரோஷம் இருக்காது" என்பார். ஈக்கு ரோஷம்! வாழைப்பழத் தோலில் மொய்க்கிற, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதான அந்தப் பழ ஈக்கு. அதன் ரோஷம் மூளையில் எங்கே இருக்கிறது, எந்த ரசாயனம் அதைக் கிளப்புகிறது, எது அடக்குகிறது என்று பார்ப்பதுதான் இவருடைய உத்தியோகம். பட்டம் மேல் பட்டம் வாங்கியவர். இரண்டு ஈக்களை மோதவிட்டு, எது முதலில் சிறகைத் தூக்கி மிரட்டியது, எது பாய்ந்தது, எது ஓடியது என்று உட்கார்ந்து பார்க்கிறார். அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

இவர் என் நாத்தனார். என் கணவனின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். குட்டையான உருவம், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பெயின்ட் தூரிகை. ஈயின் முதுகில் அடையாளப் புள்ளி வைப்பதற்கு அது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஒருவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கண்ணாடியைத்தான் பார்ப்பேன். இவருடையது ஒரு பக்கம் சரிந்து, மூக்குத்தாங்கி உடைந்து, அந்த இடத்தில் ஒட்டுநாடா சுற்றியிருக்கும். "குடுங்க அண்ணி, நிமிஷத்துல சரிபண்ணிடறேன்" என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "வேணாம், இது பழகிடுச்சு" என்பார். கோணலாகவே உலகத்தைப் பார்த்துப் பழகிவிட்டாராம்.

நான் எப்படி இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமையில்லை. என் கணவன் என்னை அடித்தான். அடித்தார் என்று எழுதக் கை வரவில்லை. கன்னத்தில் ஓர் அறை, அந்த வேகத்தில் கதவு நிலையில் தலை மோதியது. முதல் தடவை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. முதல் தடவை இல்லை. அப்பா அம்மா இல்லாதவளுக்குப் பிறந்த வீடு ஏது? கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பக்கத்தில் எனக்குத் தெரிந்த கதவு இவருடையதுதான்.

கதவைத் திறந்தவர் என் கன்னத்தைப் பார்த்தார். யார், என்ன, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். கட்டிலை எனக்கு விட்டுவிட்டுச் சோபாவில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். இனிமேல் என் ஆத்திரத்தைச் சொல்கிறேன்.

இவரோடு ஒரு வீட்டில் இருப்பது கல்லோடு குடித்தனம் நடத்துவது. எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "அப்படிச் சொல்ல முடியாது." மழை வருமா அண்ணி? அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பால் கெட்டுப்போச்சா? அப்படிச் சொல்ல முடியாது, இன்னும் கொஞ்சம் காய்ச்சிப் பாக்கணும். வீடு முழுக்கக் காகிதக் கூம்பு செருகிய வினிகர்க் கிண்ணங்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து இவர் பையிலும் சட்டையிலும் தொற்றிக்கொண்டு வருகிற ஈக்களைப் பிடிக்க. சாப்பிட உட்கார்ந்தால் டம்ளர் விளிம்பில் ஒன்று உட்கார்ந்திருக்கும். நான் விரட்டுவேன். இவர் குனிந்து பார்த்து, "ஆண்" என்பார். ஆணாகத்தான் இருக்கும், வேறென்ன!

விடுமுறை நாளிலும் ஈக்குப் பசிக்கும் என்பதால் இவருக்கு விடுமுறை கிடையாது. தனியாக வீட்டில் இருக்கப் பயந்து நானும் கூடப் போக ஆரம்பித்தேன். ஆய்வுக்கூடம் என்றதும் பளபளப்பான இடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பெரிய பாத்திரத்தில் மக்காச்சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் கூழாகக் கொதிக்கும். அந்தப் புளித்த வாடை தலைமுடியில் ஏறிக்கொண்டால் குளித்தாலும் போகாது. சுவர் நெடுக அலமாரி, அலமாரி நெடுகப் புட்டிகள். சில புட்டிகளில் கூட்டமாக ஈக்கள். ஓர் அலமாரியில் மட்டும் புட்டிக்கு ஒன்றே ஒன்று.

"இதுங்களை ஏன் தனிக்குடித்தனம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கூட்டை விட்டு வெளியே வந்ததுலேருந்து வேற ஈயையே பாக்காம வளந்த ஆண். தனியா வளந்தா ரொம்ப மூர்க்கமா அடிச்சுக்கும்."

"உங்க தம்பி கூட்டத்துலதானே வளந்தாரு?"

குழாயை வாயில் வைத்துக்கொண்டார். வாய்க்குப் பூட்டுப் போட அதைவிட நல்ல சாமான் வேண்டாம்.

கிண்ணத்தின் நடுவில் ஒரு பொட்டுக் கூழ். அதன் மேல் ஒரு பெண் ஈ அசையாமல் நின்றது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். தலையைக் காணோம். நிஜமாகவே தலை இல்லை. வெட்டிவிட்டு வைக்கிறார்கள். தலை போனாலும் கொஞ்ச நேரம் காலில் நிற்குமாம். அவளுக்காகத்தான் இந்த இரண்டு ஆண்களும் கட்டிப் புரள வேண்டும்.

"ஏன் தலையை எடுத்தீங்க?"

"தலை இருந்தா ஓடிப்போயிடும். சண்டை ஒரே இடத்துல நடக்காது."

ஈயைப் பற்றித்தான் சொன்னார், எனக்குத் தெரியும். இருந்தாலும் வயிறு எரிந்தது. இரண்டு ஆண்கள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு குத்துச்சண்டை போடுகிறார்கள், நடுவில் தலையில்லாதவள் நிற்கிறாள், அதை ஒரு பெண்பிள்ளை சரிந்த கண்ணாடி வழியாகப் பார்த்து, "பாய்ச்சல்... இன்னொரு பாய்ச்சல்... பெரிய புள்ளி வெச்சவன் ஓடறான்" என்று முணுமுணுக்கிறார். நல்ல பிழைப்பு!

அந்த வாரம்தான் என் கணவனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கூடவே ஒரு வரி: "இதைப் பாத்துட்டு வீட்டுக்கு வா." மன்னிப்புக் கேட்டுப் பாட்டு ஏதாவது அனுப்பியிருப்பான் என்று நினைத்தேன். திறந்தால் மேடையில் நாத்தனார் நிற்கிறார். பெரிய அரங்கம், முகத்தில் விளக்கு, பின்னால் திரையில் பனைமரம் உயரத்துக்கு இரண்டு ஈக்கள்.

"கோபத்தைக் குணம்னு நினைக்கிறோம். இல்லீங்க. அது ஒரு சொட்டு" என்கிறார். "மூளைக்குள்ள செரட்டோனின்னு ஒரு சொட்டு. அதைக் கூட்டினா சாதுவான ஈ சண்டைக்காரன் ஆயிடும். ஆக்டோபமின்னு இன்னொரு சொட்டு. அதை எடுத்துட்டா சண்டைக்காரன் சாதுவாயிடுவான். அதனால அடுத்த தடவை யாராவது உங்க மேல பாய்ஞ்சா, அவரைத் திட்டாதீங்க. பாவம், அவர் மண்டைக்குள்ள ஒரு சொட்டு கூடிப்போச்சு!" கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. எழுந்து நின்று கைதட்டுகிறது. அந்த வீடியோவை இவர் வேலை பார்க்கிற நிறுவனம் தன் இணையதள முகப்பில் வைத்துக் கொண்டாடுகிறது.

பால் கெட்டதா என்று கேட்டால் சொல்லத் தெரியாதவர், மேடை ஏறினதும் மடை திறந்துவிட்டார். அதற்குக் கீழே என் கணவன் இரண்டாவது வரி அனுப்பியிருந்தான்: "நான் அடிக்கலை. என் மூளை அடிச்சுது. அக்காவே சொல்லியிருக்கா." அவனைக்கூட விட்டுவிடலாம். அன்று சாயங்காலம் மாமியார் போனில், "வியாதிக்காரனை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கியேம்மா, சர்க்கரை வியாதி வந்தா விட்டுட்டுப் போவியா? அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார். அணைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை அத்தை, அடிக்காமலிருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய், கிண்ணத்துக்கு மேலே எரிந்த விளக்கை அணைத்தேன். "ஐயோ, இந்த ஜோடி போச்சே!" என்றார். அவருக்கு ஜோடி போய்விட்டதாம்.

"உங்க சொட்டாலதான் அண்ணி என் கன்னம் வீங்கிப்போச்சு!"

வாயிலிருந்து குழாயை எடுத்தார். யோசித்தார். "அப்படிச் சொல்ல முடியாது" என்றார். "அவன் அடிச்சது முந்தி. வீடியோவைப் பாத்தது பிந்தி."

அந்தக் குழாயைப் பிடுங்கி அவர் கழுத்தில் சுற்றியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் மண்டைக்குள் அப்போது சொட்டு இல்லை, குடம் குடமாகக் கொட்டியது. ஆனாலும் நான் கையை ஓங்கவில்லை. கத்தினேன். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ண மேடை கேட்குதா, வீட்டுக்குள்ளே ஒரு பெண்ணை அறைந்தவனுக்குச் சாமரம் வீசுகிற படிப்பு என்ன படிப்பு, கைதட்டலுக்குப் பேசுகிறவருக்கும் வித்தை காட்டுகிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாத்தனார் விளக்கைப் போடவில்லை. அரைகுறை வெளிச்சத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பேசினார். அத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"சொட்டு உண்மைதான். ஆனா அது மட்டும் இல்லை. அதே சொட்டு உள்ள ரெண்டு ஈயை எடுத்துக்கோ. ஒண்ணு கூட்டத்துல வளந்தது, ஒண்ணு தனியா வளந்தது. ரெண்டும் ஒரே மாதிரி அடிச்சுக்காது. ஜெயிச்ச ஈ அடுத்த சண்டையில இன்னும் துணிச்சலா இறங்கும். தோத்தது இருக்கே, அதைத் தன்னைவிடச் சின்ன ஈயோட விட்டாலும் சிறகைத் தூக்காது. ஓரமாப் போய் நிக்கும். சொட்டு சண்டையை மாத்துது, சண்டை சொட்டை மாத்துது. இதைச் சொல்ல ஆரம்பிச்சா முடியாது. மேடையில கொஞ்ச நேரம்தான் குடுத்தாங்க."

"அதனால?"

"அதனால கைதட்டு வர்ற பாதியை மட்டும் சொன்னேன்."

ஓரமாகப் போய் நிற்கும் என்றது எனக்குச் சுரீர் என்றது. நான் ஒன்றும் ஓரமாக நிற்கிற ரகமில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்றேன். தலையாட்டினார். அதற்கு மட்டும் அப்படிச் சொல்ல முடியாது என்று சொல்லவில்லை.

நான் புகார் கொடுத்திருந்த குடும்ப ஆலோசனை மையத்தில் ஆலோசகர் அம்மா எங்கள் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டிருந்தார். விஷயம் இதுதான்: அவன் அடித்ததற்கு வியாதிதான் காரணம் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றினால், மருத்துவம் பார்க்கச் சொல்லி என்னையும் அவனோடு வீட்டுக்கு அனுப்பிவைப்பார். இல்லையென்றால் நான் பிரிந்து இருக்கலாம், அவன் என்னை நெருங்கக் கூடாது. அவன் பக்கத்துச் சாட்சி யார் தெரியுமா? நாத்தனார். "நீ படிச்ச படிப்பு ஒரு தடவையாவது குடும்பத்துக்கு உதவட்டும்டி" என்று மாமியார் தினமும் போன் போட்டுக் கரைத்திருந்தார். என்ன சொல்லப் போறீங்க அண்ணி என்று வழியெல்லாம் கேட்டேன். "யோசிக்கிறேன்" என்றார். யோசிக்கிறாராம்! என் கழுத்துக்குக் கயிறா கத்தியா என்று நான் தவிக்கிறேன், இவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கிறார்.

சின்ன அறை. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், அழுகிறவர்களுக்காக ஒரு பெட்டிக் காகிதத் துவாலை. ஒரு பக்கம் நான். எதிர்ப்பக்கம் அவன், இஸ்திரி போட்ட சட்டையில், மாப்பிள்ளை மாதிரி. அவனுக்கு ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் நாத்தனார். ஆலோசகர் அம்மா மேசை முனையில். அவன் போனை நாத்தனாருக்கு முன்னால் மேசையில் வைத்து வீடியோவை ஓட்டினான். மறுபடி அந்தச் சிரிப்பு, அந்தக் கைதட்டல். ஆலோசகர் அம்மாவும் லேசாகச் சிரித்துவிட்டார்.

"பாருங்கம்மா" என்றார் மாமியார், "சின்ன வயசுலேருந்தே அவனுக்கு இந்தச் சூடு உண்டு. வந்தா தெரியாது, போனா தெரியாது. இவளைக் கேளுங்க, இவளுக்குத் தெரியும்" என்று மகளைக் காட்டினார்.

"வேலை பாக்கற இடத்துல மேலாளர் நாலு பேர் எதிர்ல கிழிச்சப்போ இந்தச் சூடு எங்கே போச்சு?" என்றேன். "அங்கே கையைக் கட்டிக்கிட்டு நின்னாரே. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினதும்தான் சொட்டு சொட்டுமா?"

"உங்க முறை வரும், இருங்கம்மா" என்றார் ஆலோசகர். நாத்தனார் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இதெல்லாம் படிச்சவங்க. உங்க தம்பிக்கு இருக்கறது மூளை சம்பந்தப்பட்ட பிரச்சினைதானா? அவர் கட்டுப்பாட்டுல இல்லைன்னு சொல்லலாமா?"

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். அப்படிச் சொல்ல முடியாது, இப்படியும் சொல்ல முடியாது என்று வழவழவென்று எதையாவது சொல்லி என்னைக் கவிழ்க்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"மேடையில நான் பேசினது தப்பு" என்றார்.

மாமியார், "என்னடி?" என்றார்.

"ஈக்கு அந்தச் செரட்டோனின் கூடினா சண்டை கூடும். மனுஷங்களுக்கு அதை நேராப் பொருத்தவே கூடாது. நிறைய ஆய்வுல தலைகீழாத்தான் வருது, குறைஞ்சவங்கதான் சட்டுனு கோபப்படறதா. நான் ஈயைக் காட்டி மனுஷனைப் பத்திப் பேசினேன். எல்லாரும் சிரிக்கணும்னு பேசினேன். அதை எடுத்துடச் சொல்லி எங்க நிறுவனத்துக்கு இன்னிக்குக் காலையில சொல்லிட்டேன். அவங்களுக்கு வருத்தம்தான்." மூச்சு வாங்கினார். "இவன் மூளையில எதை அளந்தோம்? ஒண்ணையும் அளக்கலை. நான் பாத்தது ஒண்ணே ஒண்ணு. இவ கன்னம். இவளை இவன்கூட அனுப்பாதீங்க."

"பெத்த வயித்துல நெருப்பை வெக்கறியே பாவி! கூடப் பொறந்தவன்டி!" என்று மாமியார் மேசையைத் தட்டினார்.

"அக்கா!" என்று அவன் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. வீடியோ நாத்தனார் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத்தான் சட்டென்று கையை வீசி நீட்டினான், வேறொன்றுக்கும் இல்லை.

அந்தக் கை வந்த வேகத்தில் நாத்தனாரின் கை தானாக மேலே போயிற்று. முழங்கை முகத்துக்குக் குறுக்கே, தலை தோளுக்குள், கண்கள் இறுக மூடி. இது யோசித்துச் செய்கிற காரியமில்லை. வாங்கிப் பழகினவர்களுக்குத்தான் இத்தனை சரியாக வரும். எனக்குத் தெரியும், எனக்கும் அப்படித்தான் வருகிறது.

மாமியார் பதறவில்லை. என்னடி பண்றே என்று கேட்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆலோசகர் அம்மா மாமியாரைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "போனை எடுத்துக்கிட்டு நீங்க வெளியே போய் உக்காருங்க சார்" என்றார். "இவங்களை உங்ககூட அனுப்பறதா இல்லை." அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அந்த அம்மா கதவைக் காட்டினார்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் நாத்தனார் கண்ணைத் திறந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தூக்கிய கையை உடனே இறக்கவில்லை. அதை அப்படியே தலைக்குக் கொண்டுபோய், கலையவே கலையாத முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.